ஆத்தங்குடிக் கல்லை வைத்து முதுகலை முடித்த கதை

புத்தாக்கத்தைப் பாடமாக எடுத்து முதுகலை படித்தவள் என்று சொன்னால் காரைக்குடியில் உடனே வரும் கேள்வி, "எம்.பி.ஏ. மாதிரியா?" இல்லை என்றால், "அப்ப ஏதாச்சும் கம்ப்யூட்டர் படிப்பா?" அதுவும் இல்லை என்றால் பேச்சு கல்யாணத்துக்குத் தாவிவிடும். எங்கள் அத்தை இன்றைக்கும் என்னைப் பற்றி அடுத்தவர்களிடம் "சிவில் இன்ஜினியர், வெளிநாட்டுல மேல்படிப்பு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. சேரும்போது எனக்கே அதற்கு மேல் பெரிதாகத் தெரியாது.

இப்போது இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அதே படிப்பில் சேரலாமா என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஒரு புதிய பொருளோ புதிய முறையோ எங்கிருந்து வருகிறது, அதை யார் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள், யார் வேண்டாம் என்கிறார்கள், லாபம் யாருக்குப் போகிறது, அரசு அதில் தலையிட்டால் என்ன ஆகும் என்பவைதான் இந்தப் படிப்பின் கேள்விகள். பொருளாதாரம் மட்டும் தெரிந்தவரால் இவற்றில் பாதிக்குத்தான் பதில் சொல்ல முடியும். சமூகவியல், வரலாறு, சட்டம், பொறியியல் எல்லாம் வேண்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1966ல் கிறிஸ்டோபர் ஃப்ரீமன் தொடங்கிய அறிவியல் கொள்கை ஆய்வு மையம் இதில் முன்னோடி. நார்வேயில் ஆஸ்லோ, நெதர்லாந்தில் உட்ரெக்ட் போன்ற பல்கலைக்கழகங்களும் இதைச் சொல்லித்தருகின்றன. நான் படித்ததும் ஐரோப்பாவில்தான், இரண்டு வருடப் படிப்பு.

சேருவதற்கு முன் பார்க்க வேண்டியதில் முக்கியமானது, அந்தப் படிப்பு எந்தத் துறையின் கூரையின் கீழ் நடக்கிறது என்பது. வணிகப் பள்ளி நடத்தினால் புத்தாக்கம் என்பது பெரும்பாலும் ஸ்டார்ட்-அப், முதலீடு, சந்தைப்படுத்தல். சமூக அறிவியல் துறை நடத்தினால் கொள்கை, அதிகாரம், தொழில்நுட்பத்தின் சமூக வரலாறு. பொறியியல் கல்லூரி நடத்தினால் ஆற்றல் மாற்றம், தயாரிப்பு வடிவமைப்பு. பெயர் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் பெயரை விட்டுவிட்டு, முதல் பருவத்தின் கட்டாய வாசிப்புப் பட்டியலையும் முந்தைய மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளையும் பாருங்கள். பல பல்கலைக்கழகங்கள் இரண்டையும் இணையத்தில் வைத்திருக்கின்றன. பத்துத் தலைப்பைப் படித்தும் ஒன்றுகூட உங்களை இழுக்கவில்லை என்றால் அந்த இடம் உங்களுக்கு இல்லை.

கிரெடிட் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஐரோப்பாவில் ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட், இரண்டு வருடத்துக்கு 120. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆய்வேட்டுக்கு 30 கிரெடிட் என்று போட்டிருந்தால் குறைந்தது 750 மணி நேரம் என்று அர்த்தம். பகுதிநேர வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

சரி, வகுப்புக்கு வருவோம். ஆரம்பப் பாடங்களில் பொருளாதார அறிஞர் ஜோசப் ஷும்பீட்டர் வந்துவிடுவார். நூறு வருடங்களுக்கும் முன்பே அவர் ஐந்து வகைப் புதுமைகளைச் சொன்னார்: புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப்பொருள் வருவதற்குப் புதிய வழி, தொழிலை நடத்துவதற்குப் புதிய அமைப்பு. வகுப்பில் எல்லோரும் கார் தொழிற்சாலையையும் கைப்பேசியையும் உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனதில் ஓடியது எங்கள் ஊர் வளவு வீடுகள், கடல்தாண்டிக் கடன் கொடுத்து வாங்கும் தொழில் செய்த செட்டியார்கள் கட்டிய பெரிய வீடுகள். பர்மாத் தேக்கு, மூலப்பொருள் வந்த வழி. பர்மாவும் மலாயாவும் இலங்கையும் சந்தை. ஏஜெண்டை மூன்று வருடக் கணக்குக்குக் கடல்தாண்டி அனுப்பி, அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன் என்று ஆளைப் பழக்கி, ஐந்தொகை என்ற நிலைக்கணக்கைப் போட்டு ஊருக்கு அனுப்பவைத்து, முதலாளி தேவகோட்டையில் உட்கார்ந்தபடியே ரங்கூன் கடையை நடத்தியது தொழில் அமைப்பு. இதைத்தான் என் முதல் கருத்தரங்குக் கட்டுரையாக எழுதினேன்.

அது சரிந்த கதையும் பாடத்துக்கு ஒத்துப்போனது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்கள் வசம். வெளியிலிருந்து பார்த்தால் சொத்து சேர்ந்த மாதிரி இருக்கும். கடன் கொடுத்து வாங்கும் தொழிலில் பணம் நிலமாகிவிட்டால் அது முடக்கம். அதன்பிறகு 1942ல் ஜப்பான் படை வந்தது, மிச்சமும் போயிற்று. இந்த மாதிரிக் கதை ஐரோப்பிய வகுப்பறைகளில் யாருக்கும் தெரியாது. உங்கள் ஊர்க் கதையைத் தயக்கமில்லாமல் எடுத்துப்போங்கள். அதைச் சொல்ல அங்கே உங்களை விட்டால் வேறு ஆள் இருக்க மாட்டார்.

படிப்பில் உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை பொருளாதாரம், அட்டவணையும் சமன்பாடுமாக. புதன்கிழமை சமூகவியல், பத்து பக்கம் படித்தும் ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று பிடிபடாது. வெள்ளிக்கிழமை சட்டம், காப்புரிமை வழக்குகள். ஒவ்வொருவரும் தங்கள் துறைதான் நடுநாயகம் என்பது போலப் பேசுவார்கள். மூன்றையும் தனித்தனியாகப் படித்துத் தேர்வு எழுதி வெளியே வந்துவிடலாம், நிறைய பேர் அப்படித்தான் வருகிறார்கள். கடைசியில் கையில் மூன்று அரைகுறைப் படிப்பு இருக்கும்.

எனக்கு உதவியது ஒரே ஒரு பழக்கம். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, எந்தப் பாடம் வந்தாலும் அந்தப் பொருளை அதன் முன்னால் வைத்துக் கேட்பது. நான் எடுத்துக்கொண்டது ஆத்தங்குடிக் கல், எங்கள் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல். பொருளாதார வாசிப்பு வந்தால், ஒரு கல்லுக்கு ஆகும் செலவில் கூலி எவ்வளவு, சிமெண்ட் எவ்வளவு, உடைசல் எவ்வளவு என்று ஓரத்தில் எழுதுவேன். சமூகவியல் என்றால், பூ டிசைனை யார் முடிவு செய்கிறார்கள்: வீட்டுக்காரரா, ஆர்க்கிடெக்டா, பட்டறைக்காரரா? சட்டம் என்றால், இந்த ஊரில் செய்ததற்கே இந்தப் பெயர் என்று காக்கும் புவிசார் குறியீடு கிடைத்தால் யாருக்குப் பாதுகாப்பு, யார் வெளியே நிற்பார்கள்? காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019ல் குறியீடு கிடைத்திருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே உதாரணம் இருந்தது. வரலாறு என்றால், போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1824ல், அது எந்த வழியாகச் செட்டிநாட்டுக்கு வந்து, சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளையும் அரைத்துப் பூசிய ஊரில் தரைக்குப் போனது? நோட்டின் கடைசிப் பக்கங்கள் இப்படியே நிறைந்தன. இரண்டாம் வருடம் ஆய்வேட்டுத் தலைப்பு தேடி நான் எங்கும் அலையவில்லை.

எந்தப் பொருளை எடுப்பது என்பதில் என் யோசனை, ஆசையைவிடக் கதவு திறக்கிற பொருளை எடுங்கள் என்பதுதான். எனக்குக் கண்டாங்கியிலும் ஆசை உண்டு, பனையோலைக் கொட்டானிலும் உண்டு. ஆனால் சிவில் படித்தவளுக்குச் சிமெண்ட்டும் மணலும் ஏற்கெனவே தெரிந்த பாஷை. பட்டறைக்காரரும் என்னிடம் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆய்வேட்டுக் கேள்வியைச் சிறியதாக வைத்தேன். பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல்லை ஐரோப்பாவிலும் செய்கிறார்கள், 19ஆம் நூற்றாண்டிலிருந்தே. அங்கே வண்ணக் கலவையை அச்சில் ஊற்றி, மேலே காய்ந்த கலவையைப் போட்டு, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து அழுத்துகிறார்கள். அழுத்திய உடனேயே கல்லை அச்சிலிருந்து எடுத்துவிடலாம். ஆத்தங்குடியில் பிரஸ் இல்லை. ஏன் இல்லை?

பட்டறையில் உட்கார்ந்து பார்த்தால் பாதி பதில் கண்ணெதிரே இருக்கும். தொழிலாளி சதுரமான கண்ணாடியைத் துடைத்துத் தரையில் வைக்கிறார். அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகடு வளைத்த அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறம், சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஒன்றோடொன்று கலக்காமல். பிறகு அச்சை நேராக மேலே தூக்கிவிடுகிறார். அந்த நொடியில் நிறங்கள் தொட்டுக்கொண்டு நிற்கும், ஓடாது. மேலே காய்ந்த சிமெண்ட்டும் மணலும் கலந்ததைத் தூவுகிறார், அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு, கரண்டியால் மட்டம் தட்டிச் சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியோடு ஓரமாக வைக்கிறார். இறுகும் வரை கல் கண்ணாடியின் மேலேயே இருக்க வேண்டும். அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் வெயில். சூளை கிடையாது, பாலிஷ் மெஷின் கிடையாது. மேற்பரப்பின் பளபளப்பு முழுக்க அந்தக் கண்ணாடி கொடுத்தது.

நிறக் கலவையில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். "அது கேக்குற அளவுக்கு" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றைய வெயில், மணலின் ஈரம், நிறப் பொடியின் ரகம் பார்த்துக் கரண்டியிலிருந்து கலவை விழுகிற விதத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். தத்துவ அறிஞர் மைக்கேல் போலான்யி முதல் பலர் இதைப் பற்றி எழுதியிருப்பதை நூலகத்தில் படித்திருந்தேன். கைக்குத் தெரிந்ததை வாயால் முழுதாகச் சொல்ல முடியாது என்பது. ஆய்வு செய்பவருக்கு இதில் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு: பேட்டி மட்டும் எடுத்தால் போதாது. வேலை நடக்கும்போது பக்கத்தில் உட்கார வேண்டும். முடிந்தால் நீங்களும் ஒரு கல் ஊற்றிப் பார்க்க வேண்டும். நான் ஊற்றிய கல்லில் பச்சை முழுவதும் மஞ்சளுக்குள் போய்விட்டது. பட்டறையே சிரித்தது. அதற்குப் பிறகுதான் என்னிடம் எல்லோரும் சகஜமாகப் பேசினார்கள்.

பேட்டியில் "புத்தாக்கம்" என்று ஆரம்பித்தால் வேலைக்கு ஆகாது. "நீங்க சேர்ந்தப்ப எப்படிப் பண்ணுனாங்க? இப்ப எது மாறியிருக்கு? மொதல்ல யார் மாத்துனது? யாருக்கு அது புடிக்கல?" இந்த நான்கு கேள்வியில் நான் தேடிய எல்லாமே வந்தது. வாட்ஸ்அப்பில் வெளியூர் ஆர்க்கிடெக்ட் அனுப்பும் படத்தைப் பார்த்து, அன்றைக்கே வெல்டிங் பட்டறையில் புது அச்சு செய்துகொள்கிறார்கள். முன்பு இருப்பு வைத்து விற்ற கல்லை இப்போது ஆர்டர் வந்தபிறகு ஊற்றுகிறார்கள். இதெல்லாம் அவர்களுக்குச் சாதாரண விஷயம். கேட்டால், "புதுசா ஒண்ணும் பண்றதில்ல பாப்பா, அப்படியேதான் ஓடுது" என்பார்கள்.

ஒப்புதல் படிவம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் என்றால், 2018ல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவரின் குரலைப் பதிவு செய்யவே முன்கூட்டி ஏற்பாடு வேண்டும். நான் படிவத்தைத் தமிழில் எழுதி எடுத்துப்போனேன். வயதான தொழிலாளி ஒருவர் படிவத்தைத் தொடவே இல்லை. "கையெழுத்தெல்லாம் வேணாம் தாயி. கையெழுத்துப் போட்டுத்தான் ஏற்கெனவே ரெண்டு எடத்துக்கு வட்டி கட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். நியாயம்தானே! பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு வழிகாட்டிக்கு எழுதிக் கேட்டு, வாய்மொழி ஒப்புதலைப் பதிவாக வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். நீங்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே இந்த அனுமதியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கள வேலைக்கு வந்த பிறகு மின்னஞ்சல் பதிலுக்குக் காத்திருப்பது நாளை விழுங்கிவிடும்.

சரி, பிரஸ் ஏன் வரவில்லை? சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962ல், ஒரு புதுமை பரவுவதைத் தீர்மானிக்கும் குணங்கள் என்று ஐந்தைச் சொன்னார்: பழையதைவிட என்ன ஆதாயம், இருக்கும் முறைக்குப் பொருந்துமா, புரிந்துகொள்ள எளிதா, கொஞ்சமாகச் சோதித்துப் பார்க்க முடியுமா, பலன் மற்றவர் கண்ணுக்குத் தெரியுமா. பிரஸ்ஸை இந்த ஐந்திலும் வைத்துப் பார்த்தேன். ஆதாயம் உண்டு, கண்ணாடியும் இடமும் மிச்சம். ஆனால் சோதித்துப் பார்க்க வழியில்லை: கண்ணாடியை ஒன்றிரண்டாக வாங்கலாம், பிரஸ்ஸை அப்படி வாங்க முடியாது. பொருத்தமும் இல்லை. ஆர்டர் சின்னது, ஒவ்வொன்றும் வேறு டிசைன். "ஒரே பூவுல நெறைய வந்தாத்தானே மெஷினுக்குச் சோறு" என்றார் பட்டறை உரிமையாளர். அதோடு, வாங்க வருபவர்கள் கையால் செய்தது என்பதற்காகத்தான் காசு கொடுக்கிறார்கள்.

இங்கே ஒரு கருத்து. புத்தாக்கப் படிப்புக்கு ஒரு சாய்வு உண்டு. புதியதை ஏற்றுக்கொள்பவர் கெட்டிக்காரர், ஏற்காதவர் பின்தங்கியவர் என்ற நினைப்பு. ரோஜர்ஸே பிற்பாடு இதை ஒத்துக்கொண்டார். அவர் கணக்கில் புதியதைக் கடைசியாக ஏற்கும் 16 சதவீதத்தினருக்கு இருக்கும் பெயரே (laggards, பின்தங்கியோர்) கொஞ்சம் மட்டம்தட்டுவதாகத்தான் இருக்கும். ஆத்தங்குடியில் பிரஸ்ஸை வேண்டாம் என்றவர்கள் கணக்குப் போட்டுத்தான் வேண்டாம் என்றார்கள். என் ஆய்வேட்டின் சாரமே அவ்வளவுதான். வழிகாட்டி, "முடிவு சின்னதாக இருக்கிறதே" என்று முதலில் இழுத்தார். பிறகு ஆதாரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்.

இதே பக்கத்தில் வேறு தலைப்புகளும் காத்திருக்கின்றன. காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம். பக்கத்திலேயே குன்றக்குடி. மடத்தின் தலைவரான அடிகளார் சிக்ரி விஞ்ஞானிகளைத் துணைக்கு அழைத்துக் கிராமத் திட்டம் போட்டார். மடம், ஆய்வகம், கிராமம் மூன்றும் சேர்ந்து வேலை செய்த அந்த அனுபவத்தை யாராவது முறையாக ஆய்வேடாக எடுத்தால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

குழு வேலை பற்றிச் சுருக்கமாக. பொருளாதார மாணவரும் மானுடவியல் மாணவரும் ஒரே குழுவில் இருந்தால், பத்துப் பேரிடம் பேசியது ஆதாரமா இல்லையா என்ற சண்டை நிச்சயம். "நீ முன்னுரை, நான் முடிவுரை" என்று அறிக்கையைப் பிரிக்காதீர்கள். ஆளுக்கு ஒரு கேள்வி என்று பிரியுங்கள். சண்டை இருக்கும், ஆனால் உபயோகமான சண்டையாக இருக்கும்.

செலவு விஷயத்தில் பழைய தகவலை நம்பாதீர்கள். நார்வேயில் கட்டணமே இல்லை என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2023 முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே கட்டணம் உண்டு. உதவித்தொகை விண்ணப்பத்துக்குத் தனிக் கடைசித் தேதி இருக்கும், பெரும்பாலும் படிப்பு தொடங்குவதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும்.

வேலை? இந்தப் பட்டத்தின் பெயரைப் போட்டு எந்த விளம்பரமும் வராது. சிறுதொழில் ஆலோசனை, தொழில் ஊக்குவிப்பு மையங்கள், கொள்கை ஆய்வு அமைப்புகள், நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகள் என்று நாமாகத்தான் தேட வேண்டும். நான் நேர்காணல்களுக்குப் பட்டத்தை விளக்கிக்கொண்டு போகவில்லை. ஆய்வேட்டை இரண்டு பக்கமாகச் சுருக்கித் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று வைத்திருந்தேன். தமிழ்ப் பிரதியைப் பட்டறையில் கொடுத்தபோது, உரிமையாளர் பிரஸ்ஸின் விலை எழுதிய பகுதியை மட்டும் படமெடுத்துக்கொண்டார். ஆங்கிலப் பிரதியை இப்போது நான் வேலை பார்க்கும் சிறுதொழில் ஆலோசனை நிறுவனத்தில் மேஜையில் வைத்தேன். நேர்காணல் முழுக்கக் கண்ணாடி, மணல், சின்ன ஆர்டர்கள் பற்றியே பேசினோம். பட்டத்தின் பெயரை அவர்கள் கேட்டது, வேலைக் கடிதம் தட்டச்சு செய்யும்போதுதான்.